மச்சான் காரும் பதினோரு பக்கப் பேப்பரும்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். காலை மடக்கிக்கிட்டா பின்னால நிக்கிறவங்களுக்கும் இடம் கிடைக்கும். இந்தக் கதையைக் கத்திச் சொல்ல முடியாது. சம்பந்தப்பட்ட மனுஷன் நல்லபடியா உயிரோட இருக்கார், காது வேற ரொம்பக் கூர்மை.

அவருக்குச் சாவிக்காரர் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கும். அதை ரேஷன் அட்டையைத் தவிர யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஆறடிக்கு எட்டடியில் பூட்டு, சாவிக் கடை. கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவியைச் செய்து நிறுத்தி வைத்திருந்தார். அதுதான் விளம்பரப் பலகை. எந்தப் பூட்டானாலும் காதை ஒட்டி வைத்து ரெண்டு தட்டு தட்டுவார். பூட்டு தானே வாயைத் திறந்துவிடும். தன் வாயைப் பூட்டத்தான் அவருக்குத் தெரியாது.

அவர் சம்சாரத்துக்கு டோக்கனக்கா என்று பேர். கடையிலிருந்து நாலு கதவு தள்ளி ஒரு கிளினிக். அங்கே முன் மேஜையில் டோக்கன் கொடுப்பது, படிவம் நிரப்புவது எல்லாம் அக்காதான். பதினேழு வருஷமாகப் படிவங்களோடு குடித்தனம். நோயாளி ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால், மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தே தலைகீழாகப் படித்து, "அலர்ஜி இருக்கா இல்லையான்னு எழுதலையே" என்பாள். பேப்பரில் அச்சடித்த எதையும் கடைசி வரி வரை படிக்காமல் கீழே வைக்கமாட்டாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த துண்டுச் சீட்டைக்கூட விடமாட்டாள்.

அந்த கிளினிக் ஊருக்கு வெளியே ஒரு கிளை திறந்தது. டாக்டரம்மா அக்காவைக் கூப்பிட்டு, "முன்பக்கம் முழுக்க உன் பொறுப்பு. காலையில ஏழு மணிக்குத் திறக்கணும். அடுத்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லு" என்றார். அந்தப் பக்கம் போகிற முதல் பஸ்ஸே ஏழரைக்குத்தான். "வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று டாக்டரம்மா கேட்டார். "கத்துக்கிட்டிருக்கேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். எழுத்துப் பரீட்சை எழுதி, கற்றுக்கொள்கிறவர்களுக்கான லைசென்ஸை வாங்கியிருந்தாள், அது நிஜம். ஆனால் ஸ்டியரிங்கை இன்னும் தொட்டதில்லை. ஊரில் இருந்த ஒரே டிரைவிங் ஸ்கூலில் மூணு மாசத்துக்கு இடம் இல்லை.

அந்த நேரத்தில்தான் அக்காவின் அண்ணன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அவருக்குக் கப்பலில் எஞ்சின் பார்க்கிற வேலை. வருஷத்தில் பத்து மாசம் கடல்தான். "வண்டி சும்மா நின்னா வீணாப் போயிடும். உங்க வீட்லயே இருக்கட்டும்" என்றார். சாவியை எடுத்தார். சாவிக்காரர் கையை நீட்டினார். மச்சான் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, சாவியைத் தங்கச்சி கையில் கொடுத்தார்.

"மாப்ளே, வரட்டுமா?"

"வாங்க மச்சான்" என்றார் சாவிக்காரர். ஊர் சாவியெல்லாம் புழங்குகிற கை காற்றில் அப்படியே நின்றது.

மச்சான் தெருமுனை தாண்டியதும் அக்கா ஆரம்பித்தாள்.

"என்னங்க, எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்களேன். காலையில ஒரு மணி நேரம் போதும்."

சாவிக்காரர் முன்னாலே எட்டு வருஷம் டெலிவரி வேன் ஓட்டியவர். கற்றுக்கொடுக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் பதினோரு மணிக்கு நாலு கதவு தள்ளி இருந்து ஒரு டம்ளர் டீ சூடாக வந்துகொண்டிருந்தது பாருங்க, அது ஊருக்கு வெளியே போய்விட்டால்? இதை வெளியே சொல்ல முடியுமா? அதனால் வேறு ஒன்றைப் பிடித்தார்.

"அடுத்தவன் வண்டிம்மா அது. நீ ஓட்டி எங்கயாவது இடிச்சா யாரு கட்டுறது? இன்சூரன்ஸ்காரன் ஒரு பைசா குடுக்கமாட்டான்."

"ஏன் குடுக்கமாட்டான்? வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குன்னு அண்ணன் சொன்னானே."

"வண்டிக்கு இருக்கு. உனக்கு இருக்கா?"

"அப்போ நீங்க ஓட்டி இடிச்சா?"

"எனக்கு லைசென்ஸ் இருக்கு. குடுப்பான்."

"இப்பதான் இன்சூரன்ஸ் வண்டிக்குன்னீங்க. அது எப்படி உங்களுக்கு மட்டும் ஆளுக்குன்னு மாறுது?"

சாவிக்காரர் தொண்டையைச் செருமினார். "அது வந்து... உள் விஷயம். பூட்டுக்குள்ள நெம்புகோல் மாதிரி. வெளியில இருந்து பார்த்தா தெரியாது."

"சரி, அண்ணன்கிட்டக் கேக்காம ஓட்டினா? கேட்டுட்டு ஓட்டினா? ஒரு தடவை கேட்டா எல்லாத் தடவைக்கும் ஆகுமா? அவன் வாயால சொன்னா போதுமா, எழுதிக் குடுக்கணுமா?"

"ஏம்மா, நீ காரு ஓட்டப் போறியா, வக்கீலுக்குப் படிக்கப் போறியா? ஒண்ணே ஒண்ணு சொல்றேன். மச்சான் திரும்பி வர்ற வரைக்கும் அந்த ஸ்டியரிங்கை என் கையைத் தவிர வேற கை தொடாது. முடிஞ்சுது."

முடிந்தது என்று அவர்தான் சொன்னார். அக்கா காருக்குள் இருந்த இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். பதினோரு பக்கம். கொசு கால் எழுத்து. மறுநாள் காலை டீ ஆறுகிற வரைக்கும் படித்தாள். இன்னொருத்தர் வண்டியை ஓட்டுவதற்குள் இத்தனை சங்கதியா என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கதைப் புத்தகம்கூட இப்படி இழுத்ததில்லை.

"என்னங்க, இதுல ஏழாம் பக்கத்துல ஓட்டுறவங்க பேர்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும்."

"அண்ணன் பேப்பர் போடறப்பவே எனக்குப் போன் பண்ணி—"

"பக்கம் பக்கமாப் படிச்சு ஒப்பிக்கிறதுக்கு இது என்ன பள்ளிக்கூடமா? சாவியைக் குடு. எஞ்சினை ஓடவிடலேன்னா பேட்டரி செத்துடும்."

"இந்த ஒரு பக்கத்தை மட்டும் படிச்சுட்டு எடுங்களேன்."

"படிக்கிறவன் படிச்சுக்கிட்டே இருப்பான். ஓட்டுறவன் ஓட்டிக்கிட்டே இருப்பான்." இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டால் அவருக்கு நெஞ்சு ரெண்டு அங்குலம் விரியும். விரித்துக்கொண்டு கிளம்பினார்.

அக்கா மூணு நாள் மூணு தடவை சொல்லிப் பார்த்தாள். நாலாம் நாள் விட்டுவிட்டாள்.

ரெண்டு வாரம் சாவிக்காரருக்கு ராஜ வாழ்வு. நடந்தால் ஏழு நிமிஷத்தில் போகிற கடைக்குக் காரில் போனார். சுற்றுப்பாதையில் இருபது நிமிஷம் ஆகும். தெரிந்தவர்கள் நிற்கிற இடம் பார்த்து மெதுவாக ஓட்டினார். தெரியாதவர்கள் நிற்கிற இடத்திலும் மெதுவாகத்தான் ஓட்டினார், தெரிந்துகொள்ளட்டும் என்று.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடையிலிருந்து காரைப் பின்னால் எடுத்தார். எதிர்ச் சாரியில் ஒருத்தர் கையை ஆட்டினார். இவரும் கையை ஆட்டினார். கார் மட்டும் ஆட்டாமல் பின்னாலேயே போனது.

டங்!

சத்தம் கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரும்பு நாதம் அவருக்கு அத்துப்படி. இறங்கிப் போய்ப் பார்த்தார். தன் கடைச் சாவியைத் தானே இடித்திருக்கிறார். சாவிக்கு ஒரு கீறல் இல்லை. காரின் பின்கதவுத் தகட்டில்தான் சாவியின் மூணு பல்லும் அச்சு எடுத்தாற்போல் பதிந்திருந்தது. சின்னதும் பெரிசுமாக, வரிசையாக. யார் பார்த்தாலும், "இது சாவிக்காரர் கடைச் சாவியாச்சே" என்று சொல்லிவிடுவார்கள். ஊரில் வேறு எதை இடித்திருந்தாலும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்!

வீட்டுக்கு வந்து காரைச் சுவரை ஒட்டி, பின்பக்கம் தெரியாமல் நிறுத்தினார். அக்கா வேலை முடிந்து வந்தவள் காரையும் சுவரையும் பார்த்தாள்.

"எதை இடிச்சீங்க?"

"யாரு? நானா? இடிச்சேன்னு யாரு சொன்னா?"

"ரெண்டு வாரமா மூக்கைத் தெருவுக்குக் காட்டி நிறுத்துவீங்க. இன்னிக்கு முதுகைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்களே, அடி வாங்கின பிள்ளை மாதிரி."

பூட்டு திறந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினார். கொட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "போனா போகுது. இன்சூரன்ஸ் எதுக்கு இருக்கு? அந்தப் பேப்பரை எடு" என்றார்.

அக்கா எடுத்தாள். ஏழாம் பக்கத்தைத் திருப்பி அவர் மூக்குக்கு நேரே வைத்தாள். இந்த வண்டியை ஓட்டக்கூடியவர்கள் என்று போட்டு ரெண்டே பேர். ஒன்று மச்சான். இன்னொன்று மச்சானின் தங்கச்சி.

"என் பேரு எங்க?"

"இல்ல."

"வேற பக்கத்துல இருக்கும், பாரு."

"பதினோரு பக்கமும் பார்த்தாச்சு. இந்தக் கம்பெனியில பேர் போட்டவங்க ஓட்டினாத்தான் பணம். மத்த கம்பெனியில எப்படியோ, இவங்க இப்படித்தான் எழுதியிருக்காங்க."

"உனக்கு ஓட்டவே தெரியாதே! உன் பேரை எதுக்குப் போட்டான்?"

"அண்ணன் போன்ல கேட்டான், வீட்ல யாரு ஓட்டப் போறீங்கன்னு. நான் கத்துக்கப் போறேன்னேன். கத்துக்கிறவங்க ஓட்டலாமாம், பக்கத்துல லைசென்ஸ் உள்ள ஒருத்தர் உட்கார்ந்திருந்தா. ஒன்பதாம் பக்கம், ரெண்டாவது பத்தி. இதைச் சொல்லத்தான் அன்னிக்கு மூணு நாளும் வாயெடுத்தேன்."

சாவிக்காரர் அந்தப் பத்தியைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதே அக்காவுக்கும் ஏதோ வெளிச்சம் பட்டிருக்க வேண்டும்.

"இவளே, இங்க வா. நீதான் ஓட்டினே. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்! எல்லாம் கச்சிதமாப் பொருந்துதே. மச்சானுக்கும் தங்கச்சி இடிச்சான்னா கோவம் வராது. நான்னா, ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவார்."

அக்கா உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. மோவாயில் கையை வைத்து யோசித்தாள்.

"வந்து பார்க்கிறவங்க கேள்வி கேப்பாங்களே. பின்னால எடுக்கறப்போ எந்தக் காலை எதுல வெச்சிருந்தீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"கிளட்ச்சுல இடது காலுன்னு சொல்லு."

"கிளட்ச்னா எது?"

சாவிக்காரர் தரையில் காலை வைத்துக் காட்டினார். "மூணு இருக்கும், இடது ஓரம்."

"எவ்வளவு அழுத்தணும்? கண்ணாடியில எதைப் பார்க்கணும்? ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினா பின்பக்கம் எந்தப் பக்கம் போகும்? இதெல்லாம் வாயால சொன்னா எனக்கு ஏறாதுங்க. ஒரே கேள்வியில மாட்டிக்குவேன். மாட்டினா உங்களையும்தான் இழுத்துட்டுப் போவாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் நன்றாக வேலை செய்தது. மறுநாள் விடியற்காலையில், அலாரம் அடித்தும் எழாத மனுஷன், அடிப்பதற்கு முன்னாலேயே எழுந்து அவளை எழுப்பினார்.

ஊருக்குப் பின்னால் ஒரு பழைய மில் மைதானம். அங்கேதான் பாடம். முதல் நாள் கார் தவளை மாதிரி குதித்தது. சாவிக்காரர் கதவுப் பிடியை விடவில்லை.

"மெதுவா! மெதுவா விடு காலை! பூட்டைத் திறக்கிறப்ப சாவியைத் திருகுவியா, உடைப்பியா?"

"பூட்டு திறக்க எங்க விட்டீங்க என்னை? சொல்லிக் குடுங்க."

நாலாம் நாள் குதிப்பது நின்றது. ஆறாம் நாள் மூணாவது கியர். வேடிக்கை என்னவென்றால், அவருக்கும் ருசி தட்டிவிட்டது. கடையிலிருந்து காலி எண்ணெய் டப்பாக்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்து, அதற்கு நடுவே பின்னால் எடுக்கச் சொன்னார். "நீ தேர்ந்த ஆளு மாதிரி பதில் சொல்லணும். அப்பத்தான் சந்தேகம் வராது" என்றார். தேர்ந்த ஆள் எப்படி இடிப்பாள் என்ற கேள்வி அவருக்கு வரவே இல்லை. அக்காவுக்கு வந்திருக்கும். ஆனால் அன்றைக்குப் பார்த்து அவள் கேள்வி கேட்கவில்லை.

"எப்ப பார்க்க வர்றாங்களாம்?" என்று ஒருநாள் கேட்டார்.

"இருபத்தி நாலாம் தேதி பத்து மணிக்கு என்னை வண்டியோட வரச் சொல்லியிருக்காங்க."

"ஓகோ, நாமதான் போகணுமா? நல்லதாப் போச்சு. தெருவுல யாருக்கும் தெரியாது."

இருபத்தி நாலாம் தேதி அக்காதான் ஓட்டிக்கொண்டு போனாள். பெரிய கேட், உள்ளே அகலமான மைதானம். கோடு கிழித்துக் கூம்பு வைத்திருந்தார்கள். வரிசையாகப் பத்துப் பதினைந்து கார். எல்லாவற்றிலும் கற்றுக்கொள்கிறவர்களுக்கான சிவப்பு 'எல்' எழுத்து.

அவர் லைசென்ஸ் வாங்கி முப்பது வருஷம். அந்தக் காலத்தில் பரீட்சை தெருவிலேயே நடந்தது. இப்படி ஒரு மைதானத்தை அவர் கண்டதில்லை.

'அடேயப்பா, கத்துக்குட்டிங்க இத்தனை பேர் இடிச்சிருக்காங்களே' என்று நினைத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு கண்ணாடிக்காரர்.

"உங்க வீட்லயும் இடிச்சிட்டாங்களா?" என்று சாவிக்காரர் ரகசியமாகக் கேட்டார்.

"என் பொண்ணுதாங்க. போன தடவை இடிச்சா. ஒண்ணு இல்ல, ரெண்டு."

"அப்புறம்?"

"போயிட்டு மறுபடி வாங்கன்னுட்டாங்க."

"கறார்தான்" என்றார் சாவிக்காரர்.

கையில் அட்டையோடு ஓர் அதிகாரி அக்கா பக்கத்தில் ஏறினார். கார் கிளம்பியது. கோட்டுக்குள் போனது, திரும்பியது, ஏற்றத்தில் நின்றது, பின்னால் வந்தது, கூம்புக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போய் நின்றது. நடந்ததை நடித்துக் காட்டச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று சாவிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். 'இடிச்ச மாதிரி ஒண்ணும் காட்டலையே!'

அதிகாரி இறங்கி அட்டையில் கையெழுத்துப் போட்டார். "ரொம்ப சுத்தமா ஓட்டுறீங்கம்மா. யாரு கத்துக் குடுத்தா?"

"இவர்தான் சார்."

"பரவாயில்லையே!" என்று அதிகாரி கை கொடுத்தார்.

சாவிக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "சார், அந்தச் சொட்டையைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே நீங்க."

"எந்தச் சொட்டை?" அதிகாரி பின்னால் போய்ப் பார்த்தார். "அட, சாவி மாதிரி இருக்கு! யாரு பண்ணது?"

மூணு வாரமாக ஒத்திகை பார்த்த பதில். "இவங்கதான் சார் ஓட்டினாங்க. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்."

"இவங்களா?" அதிகாரி சிரித்தார். "பதினெட்டு கூம்புல ஒண்ணைக்கூடத் தொடலை. இவங்க இடிச்சாங்கன்னா சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டேன் சார். நீங்க ஓட்டினீங்களா?"

சாவிக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா வானத்தைப் பார்த்தாள். அதிகாரி அக்கா கையில் ஒரு தாளைக் கொடுத்து, "லைசென்ஸ் ஒரு வாரத்துல தபால்ல வரும். அதுவரைக்கும் இதை வெச்சு ஓட்டலாம்" என்றார்.

திரும்பி வரும்போது ரெண்டாவது சிக்னலில் சாவிக்காரர் கேட்டார்.

"அப்போ... இன்சூரன்ஸ்?"

"அவங்களுக்கு நான் போனே பண்ணலையே."

"நான் சொன்னதுக்குச் சரின்னியே!"

"எப்ப சொன்னேன்? கேள்விதான் கேட்டேன். பொய் சொல்லிப் பணம் வாங்கினா என்ன ஆகும்னு பத்தாம் பக்கத்துல போட்டிருக்கு. அதைப் படிச்சதுக்கு அப்புறம் எப்படிப் போன் பண்றது? நீங்க இடிச்ச அன்னிக்கே அண்ணனுக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன். போன வாரம் துறைமுகத்துல இருந்து பதில் வந்துது."

"என்னன்னு?"

"'மாப்ள கையிலதான் சுத்தியல் இருக்கே, அவரையே தட்டி நிமிர்த்தச் சொல்லு. நான் வர்ற வரைக்கும் வண்டி உன்கிட்டயே இருக்கட்டும்.' அவ்வளவுதான் எழுதியிருந்தான்."

சாவிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அப்புறம் தன்னையறியாமல், "அந்த ஏற்றத்துல நிறுத்தி எடுத்தே பாரு, அது நல்லா இருந்துது" என்றார். "ஒரு இஞ்சுகூடப் பின்னால போகல."

"வாத்தியார் அப்படி" என்றாள் அக்கா. அதை அவள் கிண்டலாகச் சொல்லவில்லை.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் பதில் போய்விட்டது. மாசம் பிறந்ததும் அக்கா ஆறரைக்கு வண்டியை எடுப்பாள். சாவிக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் மரச் சுத்தியலால் அந்த மூணு பல்லையும் தட்டித் தட்டி எடுத்தார். பதினோரு மணிக்கு ஒரு ஃபிளாஸ்க்கைத் திறந்து தானே ஊற்றிக் குடித்தார். காரை மட்டும் தொடமுடியவில்லை. தொட்டால் ஏழாம் பக்கம் கண்ணில் வந்து நின்றது.

ஒரு மாசம் பொறுத்தார். கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார், டோக்கனுக்கு நிற்கிற நோயாளி மாதிரி.

"ஏம்மா, அந்தப் பேப்பர்ல என் பேரையும் சேர்க்க முடியாதா?"

"ஏன் முடியாது? அண்ணன்கிட்டச் சரின்னு வாங்கிட்டேன். கம்பெனியில படிவமும் அனுப்பிட்டாங்க. உட்காருங்க."

பேனாவை எடுத்தாள். பேர், வயசு, லைசென்ஸ் எண், எல்லாம் மணிமணியாக எழுதினாள். சாவிக்காரர் முகம் பூரித்துக்கொண்டே வந்தது. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"கடந்த மூன்று ஆண்டுகளில் இவர் வாகனம் ஓட்டி விபத்து ஏதும் நடந்ததா?" என்று வாய்விட்டுப் படித்தாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? இல்லைன்னு போட்டுடு."

அக்கா 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். அதற்குக் கீழே 'எதன் மீது மோதினார்' என்று ஒரு வரி காலியாக இருந்தது. கிளினிக் சீட்டு எழுதுகிற அதே அழகான கையெழுத்தில், 'தன் கடைப் பலகை மீது. பலகை நலம்' என்று எழுதி, படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.